டவருக்கு எதிராகப் போன மனு

ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் தோட்டத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் தன் மகளையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரப் போகிறாள். மற்றவள் பக்கத்து வீட்டுக்காரி.

“இவ சொகுசா ஆம்புலன்ஸ்ல போய்ப் பொறந்திருக்கா. மூத்த பேரன்தான் பாவம், லொறியில பொறந்தான்,” என்றாள் மூத்தவள்.

“அன்னைக்கு ஒங்க மருமகன் ஆம்புலன்ஸுக்குப் போன் பேச, சிக்னல் தேடி மழையில பாறை மேல ஏறினாரேக்கா!”

“ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பைப் புடிச்சுக்கிட்டே பேசினாரு. அவரு எறங்கி வர்றதுக்குள்ள புள்ளைக்கு வலி முத்திருச்சு. ரோட்டுல வந்த மரக்கறி லொறியை மறிச்சு ஏத்திட்டோம். இந்தத் தடவை லயத்து வீட்டு வாசல்ல நின்னே பேசிட்டாரு.”

“கவர்மெண்ட் போன் டவர் முந்தியே வந்திருக்கணும்க்கா. டவர் வந்தா மொளகு காய்க்காதுன்னு யாரோ மனுப் போட்டு ரெண்டு வருஷம் இழுத்துட்டாங்களாம்.”

“படிச்ச ஆளாத்தான் இருக்கும். நமக்கு அவ்வளவு வெவரம் ஏது?”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்த மனுவை எழுதியவன் நான். மிளகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மலையை டவர் மறைக்கும் என்பதுதான் உண்மையான காரணம். அதை மனுவில் எழுத வெட்கமாக இருந்தது.

மூத்தவள் ஒரு டொபி மிட்டாய்ப் பையைப் பிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“பேத்தி பொறந்திருக்கா, ஐயா. எடுங்க.”

ஒன்று எடுத்தேன்.

“ஒன்னு போதுமா? வீட்டுக்கும் எடுங்க,” என்றாள்.