மேலே மிதித்திருந்த கால்

“லைட்டு மங்குதா மாமா?”

“மங்கல மாப்பிள. பளிச்சுனு எரியுது.”

“சாவியத் திருப்பித்தான பாக்குறீங்க?”

“பின்ன, தாலாட்டிக்கிட்டா இருக்கேன்? திருப்புறேன்... ஒரு சத்தத்தையும் காணோம்.”

“அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டருக்கு வர்ற வயருதான் கோளாறு. இருங்க, பாத்துச் சொல்றேன்.”

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் ஆண்டியப்பன். மேலே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் அவருடைய அக்கா புருஷன் கந்தப்பன். இந்த ஆண்டியப்பன் வேறு யாருமில்லை, என் கூட்டாளி வினோஜனுடைய சித்தப்பாதான். இன்றைக்கும் மனிதர் டவுனுக்கு நடந்தேதான் போவார். எந்த வண்டியிலும் ஏற மாட்டார். அன்று நடந்ததை ஒரே ஒரு இடம்வரைக்கும் சொல்வார். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருடம். மாலை நாலு மணி இருக்கும். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் பாதை. மூடுபனி மேலேயிருந்து வந்து, தேயிலையை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிற்போம் என்று கந்தப்பன் நிறுத்திய வண்டி, மறுபடி கிளம்பவில்லை. வேறு வண்டி இல்லை. ஆளும் இல்லை.

அது ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ்கூட இருந்தது. “நம்ம காம்பராவ விட வசதிப்பா” என்று, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் தோட்டத்து லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். முதலில் அதை ஓட்டியவர் சோலைமலை. எந்நேரமும் வாயில் சுருட்டோடு இருப்பார். போன வருடம் இதே வளைவில் அடியில் படுத்துப் பழுது பார்த்தபோது வண்டி உருண்டு அவர்மேல் ஏறிவிட்டது. அன்றைக்கு மேலே பிரேக்கை மிதித்திருந்தவர் கந்தப்பன். “கல்லு வழுக்கிருச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் நம்பினார்கள். வண்டி அவர் கைக்கு வந்தது.

இப்போது அந்த அம்மா, அடுத்த மாதத்திலிருந்து ஆண்டியப்பன் ஓட்டட்டும் என்று சொல்லியிருந்தாள். செய்தி கேட்டதும் கேக் வாங்கி வந்து, தன் கையாலேயே ஆண்டியப்பனுக்கு ஊட்டிவிட்டவரும் கந்தப்பன்தான்.

மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சரிவில் வண்டி நின்றால் ஒருவர் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து, “கல்லு போட்டாச்சு” என்பார். அதன்பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் சொன்னவரைச் சந்தேகப்பட்ட மாதிரி. அந்த வண்டியின் கைப்பிரேக் பேருக்குத்தான். கல்லும் மேலே மிதித்திருக்கும் காலும்தான் அடியில் கிடப்பவரின் உயிர். அடியில் இருப்பவர் இரண்டு தட்டுத் தட்டுவார். மேலே இருப்பவர் பிரேக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்துவார். கிரீச். இருக்கிறேன் என்று அர்த்தம்.

அன்று கல் வைத்தவர் கந்தப்பன்.

ஆண்டியப்பன் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வயர் தேய்ந்து அறுந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது. செம்பு புத்தம்புதிதாய் மின்னியது. வெட்டிய நுனியை வெளியே தெரியாமல் மடக்கிச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. கந்தப்பன் தன் ஸ்குரூ டிரைவர் பிடிக்குச் சுற்றியிருக்கிற அதே சிவப்பு டேப்.

“மாமா... இந்த வயர யாரோ வெட்டியிருக்காங்க.”



டக் டக்... தட்டினார்.

கிரீச்.

சரி, ஆள் இருக்கிறார். ஆனால் ஏன் பேசவில்லை? அப்போதுதான் அந்த வாசம் வந்தது. டீசலுக்கும் ஈரமண்ணுக்கும் நடுவே... சுருட்டு வாசம். கந்தப்பனுக்குச் சுருட்டுப் பழக்கமே கிடையாது.

அதே நேரம் மேலேயிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு இறங்கியது. அதன் சக்கரங்கள் ஆண்டியப்பனின் தலைப்பக்கமாகக் கடந்து போய், சற்றுக் கீழே நின்றன. “தலவாக்கலை, தலவாக்கலை!” கண்டக்டரின் சத்தம்.

“என்னண்ணே, வண்டி ரிப்பேரா?”

“ஆமா தம்பி.” அது கந்தப்பனின் குரல். பஸ் பக்கத்திலிருந்து. “சாவி என்கிட்டதான் இருக்கு. காலையில ஆளு கூட்டிக்கிட்டு வரணும்.”

“வண்டிக்கிட்ட யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. “போவோம் ரைட்!” பஸ் நகர்ந்தது.

கத்தியிருக்கலாம். ஆண்டியப்பன் கத்தவில்லை. பயத்தினால் அல்ல. வாயில் அந்தக் கேக்கின் இனிப்பு ஊறியதுபோல் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, ஒருவர் வைத்த கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

வழக்கமாக வைக்கும் முனையுள்ள உடைகல் இல்லை. ஓடையில் கிடக்கும் வழுவழுப்பான உருண்டைக் கல். சக்கரம் ஏற்கெனவே பாதி அதன்மேல் ஏறியிருந்தது. அவர் தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். இதற்குள் வண்டி உருண்டிருக்க வேண்டும்.

உருளவில்லை.

கை தானாகப் போய்த் தட்டியது. டக் டக்.

பனிக்குள் பஸ்ஸின் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. தேயிலை இலைகளில் நீர் சொட்டுவது கேட்டது. பிறகு, அவர் முகத்துக்கு நேர் மேலே, நிதானமாக...

கிரீச்.

“தம்பி...”

சுருட்டுப் பிடித்துக் கரகரத்த குரல். போன வருடம் தோள்கொடுத்துக் குழிவரை தூக்கிப்போன மனிதரின் குரல்.

“எனக்கும் உருண்டைக் கல்லுதாம்பா வச்சான்.”

ஆண்டியப்பன் மறுபடி அந்தக் கல்லைப் பார்த்தார்.

“பயப்படாத. நான் மிதிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அவன் ஏறிப் போற பஸ்ஸு இன்னும் கீழ் வளைவத் தாண்டல... சாவியெல்லாம் வேணாம், சரிவுதான... அந்தக் கல்ல மட்டும் எடுத்து விடு, தம்பி.”