சௌடையா கடை எண்ணெயும் என் சாட்சிக் கையெழுத்தும்

மோர் எனக்கு மிகவும் பிடிக்கும். பாளையம்பட்டியில் எண்ணெய்க் கடை வைத்திருந்த சௌடையா, கடைக்கு வருவோர்க்கு இலவசமாகக் கொடுத்த மோரைப்போல் நான் வேறெங்கும் குடித்ததில்லை. அந்த மோரிலிருந்தே இவ்வாக்குமூலத்தைத் தொடங்குவது முறை.

ஐயா, நான் முப்பத்தோராண்டு ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன். உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை முழுவதும் படித்தவன் இவ்வூரில் நான் ஒருவனே. கலப்படம் செய்யாத கடைக்காரர் உலகில் இலர் என்பது என் துணிபு. ஆகவே 1968ஆம் ஆண்டு, சௌடையாவின் கடலை எண்ணெய்மீது மனுக் கொடுத்தேன். உணவு ஆய்வாளர் வந்து, எண்ணெயை மூன்று பாட்டில்களில் எடுத்து அரக்கு முத்திரை வைத்தார். ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று அவரிடம், ஒன்று கடைக்காரருக்கு. சாட்சிக் கையெழுத்தை நான் இட்டேன். எண்ணெய் சுத்தமானது என்று அறிக்கை வந்தது.

சௌடையா தம் பாட்டிலுக்குச் சந்தனம் தடவி, மாலை சூட்டி, சௌடேசுவரி அம்மன் படத்தருகில் வைத்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, ஒங்க கையெழுத்துப் போட்ட பாட்டிலு. தெனமும் பத்தி காட்டுறேன். இருங்க, மோர் கொண்டாறேன்."

"இன்னொரு மனுப் போடுங்கய்யா," என்றாள் தறி நெய்யும் லிங்கம்மாள், தூக்குச்சட்டியை நீட்டியபடி. "இவுக கோயிலே கட்டிருவாக."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும், சட்டம் நகைப்புக்கு இடமாவதை எந்தக் குடிமகன் பொறுப்பான்?

இரண்டாவது மனுவும் கொடுத்தேன். அதன்மேல், அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சாட்சியாகிய எனக்கு மட்டும் ஆய்வாளர் தெரிவித்தார். பந்தல்குடிச் சாலையோரம் பிரமதண்டுச் செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். விதை கடுகைப்போல் இருக்கும். அதன் எண்ணெய் நஞ்சு. சொறிக்கு மருந்தென்று சொல்லி, மல்லாங்கிணற்றுச் செக்கொன்றில் ஆட்டி வாங்கினேன். திங்கட்கிழமை, சௌடையா மோர் எடுக்க உள்ளே சென்ற நேரத்தில் எண்ணெய் டின்னில் ஊற்றினேன். ஒருநாள் எண்ணெயால் எவர்க்கும் தீங்கு வாராது.

செவ்வாயன்று ஆய்வாளர் வரவில்லை. அடுத்த செவ்வாய் வருவதாக அஞ்சலட்டை வந்தது. அதற்குள் அந்த டின் விற்றுப்போயிற்று. புதிய டின்னில் மறுபடியும் ஊற்ற வேண்டியதாயிற்று. இவ்வாறு ஐந்து திங்கட்கிழமைகள். ஐந்து முறையும் மோர் நன்றாகவே இருந்தது. இடையில் தீபாவளி வேறு. வீட்டுக்கு வீடு முறுக்குச் சுட்டார்கள். அக்கடையில் நான் எண்ணெய் வாங்கவில்லை என்று எண்ண வேண்டா. வாங்கினேன், விளக்குக்கு.

நான்காம் வாரத்தில் லிங்கம்மாள் கடைப்படி ஏற முடியாமல் நின்றாள்.

"காலு பானையாட்டம் வீங்கிருச்சுய்யா. தறிப்பலகைய மிதிக்க முடியல. இந்த எண்ணெயத் தேச்சு நீவிவிட்டாத் தேவலையா?"

வைத்தியம் என் துறை அன்று. மோரைக் குடித்து முடித்தேன்.

ஐந்தாம் செவ்வாயன்று ஆய்வாளர் வந்து சேர்ந்தார். அதற்குள் நாற்பது வீடுகளில் கால்கள் வீங்கியிருந்தன. லிங்கம்மாள் உட்பட மூவர் இறந்திருந்தனர். எண்ணெயில் பிரமதண்டு கலந்துள்ளது என்று இம்முறை அறிக்கை வந்தது. சட்டத்தின் மதிப்பு ஊரில் உயர்ந்தது.

நீதிமன்ற வாசலில் சௌடையா என் கையைப் பற்றிக்கொண்டார். "வாத்தியாரய்யா, நான் கலக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்," என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. கூண்டில் என்னிடம் கேட்கப்பட்ட வினா ஒன்றே: மாதிரி உங்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டதா? ஆம் என்றேன். அதுவும் உண்மையே. அவர் சிறைக்குச் சென்றார். கடை மூடப்பட்டது. மோருக்குத்தான் வழியில்லை.

இவற்றையெல்லாம் நான் எழுதுவதன் நோக்கம், ஆய்வாளர்மீது தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே. முதல் செவ்வாய்க்கிழமையே அவர் வந்திருந்தால் மூன்று உயிர்கள் போயிருக்கமாட்டா. கடமை தவறியவரைச் சட்டம் விடலாகாது. விசாரணைக்குச் சாட்சி ஒருவர் வேண்டியிருக்கும்; வழக்கம்போல் நானே கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.