மூன்றேகால் மணி பஸ்

...தாளைப் பார்த்துப் படிக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் போய் எழுதி வைத்துப் பேசுவதே அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மைக் முன்னால் நின்றால் எனக்கு என் பேரே மறந்துவிடும். நம் மில் விடுதியில் முதல் பட்டதாரி என்று மாலை போட்டீர்கள். "படிப்பைப் பத்தி நாலு வார்த்தை பேசும்மா" என்று மேனேஜர் சார் சொன்னார். அறிவுரை எனக்கு வராது. அதனால் நம் டிவி ஹாலில் நடந்ததையே ஒரு சின்னக் கதையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பழைய ஆட்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக வந்தவர்கள் கேளுங்கள்.

போன வருஷம் வரை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு டிவியில் என்ன போடுவான்? ஏஜென்ட் கார்வின் படம். தமிழ் பேசுகிற வெள்ளைக்கார உளவாளி. எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. கோட் கசங்காது, தலை கலையாது, சண்டை மட்டும் ஓயாது. நம் ஆட்கள் அவரை 'கார்வின் மச்சான்' என்றுதான் சொல்வார்கள்.

மூன்றேகாலுக்கு என்ன வரும்?

ஆமாம்... ஹாரன் வரும். இரண்டாம் ஷிப்ட் பஸ். மச்சான் பாலத்தில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருப்பார். ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு லேபில் பஞ்சு சோதிக்கிற வேலை. ஞாயிறு விடுமுறை. காலையில் டவுனில் வகுப்புக்குப் போய்விட்டு மதியம் வந்துவிடுவேன். நானும் இன்னும் சிலரும்தான் படத்தை முழுசாகப் பார்ப்போம். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பஸ்ஸில் போனவர்களிடம் முடிவைச் சொல்லக் கூடாது. என்றைக்காவது மறுபடி போடுவான், அன்றைக்கு லீவு கிடைக்கும், முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். அதை ஏன் கெடுக்க வேண்டும்?

ஆயுதபூஜைக்கு மில் லீவு. வார்டன் ஜெசிந்தா அக்கா வந்தார். "கார்வின் படம் ஒண்ணு பென் டிரைவ்ல வாங்கிட்டு வர்றேன். எது ஃபர்ஸ்ட், எது லாஸ்ட்னு நீங்களே வரிசை போட்டுச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஹால் சட்டசபை ஆகிவிட்டது.

"கடல் கோட்டைதான் ஃபர்ஸ்ட். எடுத்த எடுப்பிலயே போட்ல துரத்துவாங்க."

"ரயில் மேல சண்டை போடுவாரே, அது?"

"அதுல வில்லன் நம்ம சூப்பர்வைசர் மாதிரியே இருப்பான். லீவு நாள்லயும் அந்த மூஞ்சியா?"

சூப்பர்வைசர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. சொன்னது நான் இல்லை.

கடைசி இடத்துக்குப் போட்டியே இல்லை. 'பனிமலை மர்மம்'. அதில் மச்சானுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் படுத்துக்கொண்டு சீட்டுக்கட்டை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். ஹாரன் வரும் வரை ஒரு மணி நேரமும் அதுதான். முழுசாகப் பார்த்த நாங்கள் கட்டுப்பாட்டுக்காக வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஒரு குரல். "அதையே போடுங்கக்கா."

பேச்சியம்மாள். நூல் நூற்கிற பிரிவில் வேலை பார்க்கிற பேச்சி.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? அது உளவாளி படமா, நோயாளி படமா?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். பஸ்ஸுக்குப் போகல. முழுசாப் பாத்தேன்."

"அப்ப சொல்லு, கடைசில என்ன?"

"சொல்லக் கூடாதுல்லா."

"ஒண்ணும் இருக்காது. அதான் சொல்ல மாட்டேங்கா."

பேச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லா இல்லைன்னா ஒரு மாசம் எல்லார் முறைக்கும் நானே பாத்ரூம் கழுவுதேன். போதுமா?"

போதாதா பின்னே? ஹால் மொத்தமும் கை தூக்கியது.

பூஜையன்று வழக்கம்போல இரண்டு மணிக்குப் படம் ஓடியது. மச்சான் படுத்திருந்தார். சீட்டு அடுக்கினார். பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "பேச்சி, பினாயில் வாங்கி வச்சிட்டியா?" பேச்சி திரும்பவே இல்லை.

மணி மூன்றேகால் ஆனது... ஹாரன் வரவில்லை. முதல் தடவையாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே மலையிறங்கிப் போகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு சீட்டு வைத்திருக்கிறார், வண்டி திரும்பியதும் அதை அடுக்கில் சேர்த்துவிடுகிறார். எந்த வண்டி கீழே போய்த் திரும்பி வரவில்லை? அந்தச் சீட்டு மட்டும் கையில் தங்கிவிட்டது. எதிரி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. மாவுக்கட்டை உடைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலையே பனியில் தள்ளி, அதில் படுத்தபடி மலையிலிருந்து சறுக்கினார் பாருங்கள்... ஜெசிந்தா அக்கா விசில் அடித்தார். இல்லை என்பார், நம்பாதீர்கள்.

படம் முடிந்ததும் பினாயில் கேட்டவளே சொன்னாள்: "அக்கா, மொதல்ல இருந்து இன்னொரு தடவ போடுங்க."

ஏன் முதலில் இருந்து? அலுப்பாகத் தெரிந்த அந்த ஒரு மணி நேரம் எதற்கென்று இப்போது புரிந்துவிட்டது. அதற்குக் கடைசி இடம் கொடுத்தது யார்? பாதியில் எழுந்து போனவர்கள். அவர்களாகவா போனார்கள்? ஹாரன் அடித்தது, போனார்கள்.

தோழிகளே, இந்த வருஷம் அதே ஹாலில், அதே ஞாயிறு இரண்டு மணிக்கு, பட்டப்படிப்பு வகுப்பு நடக்கிறது. ஐந்து மணி வரை பாடம். மூன்றேகாலுக்கு அதே ஹாரன். பேச்சியும் கூட்டாளிகளும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுகிறார்கள். தேர்வில் பேச்சி, மூன்றேகாலுக்குள் நடத்துகிற முதல் இரண்டு பாடத்துக்கு நன்றாக எழுதியிருக்கிறாள். மீதிக்கு ஒன்றும் எழுதவில்லை. ஃபெயில். போன வாரம் என்னிடம் சொன்னாள்: "எனக்கு இதெல்லாம் மண்டைல ஏறாதுக்கா. நின்னுக்கிடுதேன்."

பேச்சி, நீ எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே கேள். உனக்கு நீயே கடைசி இடம் கொடுத்துவிட்டாய். எதை வைத்து? மூன்றேகால் வரை பார்த்ததை வைத்து. ஹாலே சிரித்தபோது, முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று நின்றவள் நீதானே?

எனக்கு மாலை விழுந்தது. அவளுக்கு ஃபெயில் வந்தது. எங்கள் இருவருக்கும் நான் பார்த்த வித்தியாசம் ஒன்றுதான். என் விடுமுறை ஞாயிறு. அவள் விடுமுறை புதன்.

மேனேஜர் சார்... இதைக் கேட்கத்தான் முதலிலேயே எழுதினேன். தைரியம் வராமல் கதையை முன்னால் வைத்துவிட்டேன். ஞாயிறு விடுமுறை உள்ள சிலர் புதன்கிழமைக்கு மாறிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். இந்த வருஷம்தான் ஞாயிறு விடுமுறை கிடைத்த, பினாயில் கேட்டவளும் அதில் ஒருத்தி. வகுப்பில் சேர்ந்திருப்பவர்களின் வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுங்கள், சார்.