ஒரு பேட்டரி போட்டுக் குடுங்க

இல்ல தம்பி, நீங்க சொன்னது புரிஞ்சுச்சு. இது பேட்டரி வாச்சு இல்ல. புரிஞ்சுதான் கேக்குறேன். உள்ள எங்கிட்டாச்சும் ஒரு ஓரத்துல சின்னதா ஒண்ணு வச்சுக் குடுங்க. செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுல குடைக்குக் கம்பி மாத்துறவன்கூட வாச்சுக்குப் பேட்டரி போட்டுர்றான். இம்புட்டுப் பெரிய ஏசிக் கடையில முடியாதா?

சிரிங்க, சிரிங்க. எனக்குக் கோவமில்ல.

புதுசுதான். ஒம்பது மாசம் ஆகுது. பில்லு, அட்டை, பெட்டி எல்லாம் இந்தா பையில இருக்கு. எம்மகன் ஜெயபாண்டி வாங்குனது, இதே கடையிலதான். கப்பலூர்ல கம்பெனி வேலை. சூப்பர்வைசரா ஆக்குன அன்னைக்கு நேரா இங்க வந்துருக்கான். வீட்டுக்கு வந்து அவங்காத்தா ஒச்சாயி மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காமிச்சான். யாத்தா, இதுக்குச் சாவியும் வேணாம் பேட்டரியும் வேணாம், கை அசைஞ்சாப் போதும், பாட்டுக்கு ஓடும்னான். அப்ப நீ குறட்டை விட்டா நின்னுரும், வேலைக்கு லேட்டாத்தான் போவன்னு அவ நக்கலடிச்சா.

கோளாறு என்னன்னா, நின்னு நின்னு ஓடுது தம்பி. காலையில ஓடும், மத்தியானம் நின்னுரும். செல்லுல வச்சுப் பாத்தா ஒரு நாளு ரெண்டு மணி நேரம் பின்னால, ஒரு நாளு அஞ்சு மணி நேரம்.

உங்க மிசின்ல நல்லா ஓடுதா? ஓடும். உங்க கையிலயும் ஓடும்.

கட்டாம வச்சிருக்கமா? அட நீங்க வேற. ராவும் பகலும் அவன் கையிலதான் கெடக்கு. குளிப்பாட்டுறப்ப மட்டுந்தான் கழட்டுவோம்.

ஆமா. குளிப்பாட்டுறப்ப.

திருமங்கலம் ரோட்டுல, லாரி. இதக் கட்டி பன்னெண்டாம் நாளு. வாச்சுல ஒரு கீறல் இல்ல பாருங்க. மூணு மாசம் ஆஸ்பத்திரில பாத்துட்டு, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாக. கண்ணு முழிச்சிருப்பான், ஆளு தெரியாது. கையி காலு எதுவும் அசையாது.

ஒச்சாயிதான் எடுத்துக் கட்டிவிட்டா. கை அசைஞ்சா ஓடும்னு எம்புள்ள சொன்னான்ல, பாப்பம்னா. ஒரு நாளு விடிய எந்திரிச்சுப் பாக்குறோம், முள்ளு ஓடிக்கிட்டு இருக்கு. தெருவையே கூட்டிட்டா தம்பி, எம்புள்ள கைய அசைச்சுட்டான்னு. அன்னைக்குத்தான் ஒரு தட்டுச் சோத்த முழுசாத் தின்னா. அன்னைக்கு நான் தொடல. சத்தியமா அன்னைக்கு மட்டும் நான் தொடல.

மறுநா நின்னுபோச்சு. அவளும் சோத்தத் தொடல. அப்புறந்தான், அவ பால் வாங்கப் போற அஞ்சு நிமிசத்துல நானே கழட்டி, கை வலிக்க ஆட்டி, திரும்ப மாட்டிவிட ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிச ஆட்டுக்கு அது எம்புட்டு ஓடும், பாவம்? மணி கம்மியா இருந்தா, இன்னைக்குப் புள்ளைக்கு முடியல போலன்னு சொவத்தப் பாத்து உக்காந்துருவா.

இப்ப அதுக்கும் வழியில்ல. முந்தாநாள்லருந்து பால வீட்டுக்கே கொண்டாந்து ஊத்தச் சொல்லிட்டா. அவன் கை அசையுறப்பக் கண்ணால பாத்துறணுமாம். கட்டில விட்டு நகர மாட்டேங்குறா. மணி தப்பாக் காட்டுது, கடையில சரி பண்ணிட்டு வாரேன்னு சொல்லித்தான் இதையே வாங்கியாந்தேன். வெறுங்கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கா.

என்னது? ஓரத்துல இருக்குற இந்தத் திருகா? மணி திருத்த மட்டுந்தான்னுல்ல நெனச்சேன். முப்பது சுத்து சுத்துனா ஒண்ணரை நாளைக்கு ஓடுமா? இது அந்தப் பயலுக்கே தெரிஞ்சிருக்காதே.

அப்பப் பேட்டரி வேணாம் தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திருகுறப்பச் சத்தம் வருமா? மத்தியானத்துல கட்டிலுக்குக் கீழ அப்படியே கொஞ்சம் கண்ணசருவா. அவளுக்குக் காது ரொம்பக் கூரு.

எங்க, நீங்க திருகுங்க. நான் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிறேன்.