முதல் பெட்டி சாமிக்கு

ஓடுகிறேன். எழுபத்திரண்டு வயதில் ஓடுகிறேன். ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. முன்னால் புகை. பக்கத்தில் கயிறு அறுத்த கிடாய் ஒன்று ஓடுகிறது. யாரோ என் தோளில் மோதி விழுகிறார்கள். நான் நிற்கவில்லை.

"வேட்டு வெடிச்சிருச்சு! பிள்ளைகளத் தூக்குங்க! வயக்காட்டுப் பக்கம் ஓடுங்க!"

எல்லோரும் வயல் பக்கம் ஓடுகிறார்கள். நான் சமையல் பந்தலைப் பார்த்து ஓடுகிறேன். என் மனைவி சரோஜா அங்கே இருக்கிறாள்.

மாசி சிவராத்திரிக்கு மறுநாள். பிற்பகல். மதுரைக்கு மேற்கே, கண்மாய்க் கரையில் எங்கள் குலதெய்வக் கோயில். சத்தம் நான்கு. ஒன்றன் மேல் ஒன்றாக. தகர டப்பாவைக் கல்லில் ஓங்கி அடித்தது போன்ற வறண்ட சத்தம். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு சரசரவென்று நீண்ட வெடிப்பு. பின்னால் கேட்டதுதான் வேட்டு. ஊரார் காதில் நின்றது அது மட்டுமே. முதல் நான்கும் எனக்குக் கேட்டன. காது மந்தமான எனக்கு.

பந்தலின் கீற்று எரிகிறது. வேட்டுக்காரர் கருப்பையா குடத்தில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றுகிறார். சட்டையில்லாத முதுகு முழுக்கக் கரி. "யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்துகிறார். அவர் மட்டும் உள்ளே நிற்கிறார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பின்னால் சொல்லப்போவதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

சரோஜா வாழை இலைக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இடுப்பின் இடது பக்கம் சேலை இல்லை. அதற்குக் கீழே இருந்ததை நான் எழுதப்போவதில்லை. செல்லத்தாயி சாம்பார் அண்டாவுக்கு அருகில் குப்புறக் கிடந்தாள். செல்லத்தாயி என் பெரியப்பா மகள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சமையலை மேற்பார்க்க வருவாள். அண்டா கவிழவில்லை. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் அழவில்லை. அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றியது. விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டேன்.

கண்மாய்க் கரையில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த என் தம்பி மகன் குமாரை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வலது கையில் வேட்டியைச் சுற்றியிருந்தார்கள். வேட்டியின் முனையில் கை இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

அதற்குச் சற்று முன்பு வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தைச் சமாளிக்கக் குமார் நான்கு வாக்கி டாக்கி கொண்டுவந்திருந்தான். புதியவை. எங்கள் பேச்சில் அது 'செட்'. ஒன்று அவனிடம். ஒன்று செல்லத்தாயியிடம். ஒன்று கோயில் சாமான் அறையில் சார்ஜரில். இன்னொன்று என்னிடம். என் காதுக் கருவிக்குப் பக்கத்தில் செட் வந்தால் வீல் என்று கத்தும். இரண்டு முறை கத்தியது. சரோஜா என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பொத்தானை அமுக்கிப் பேசினாள்.

"இவரு காதுக்கு இது சேரல. இனிமே எல்லாரும் எங்கிட்டயே பேசுங்க. கல்யாணம் கட்டுன நாள்லருந்து அப்படித்தான நடக்குது."

செட்டில் செல்லத்தாயியின் சிரிப்பு. "மதினி, ரேடியோவுல நாடகம் கேக்குற மாதிரியே இருக்கு. இன்னுங் கொஞ்சம் பேசுங்க."

"பேசுறதுக்கு ஆளு நான். சோத்துக்கு ஆளு நீ. சோறு எம்புட்டு இருக்கு?"

"அம்புட்டும் இருக்கு. தண்ணிதான் இல்ல. டே குமாரு, தண்ணி லாரி எங்கடா?"

"கரையில மாட்டிக்கிட்டு நிக்கிது அத்தே. எவனோ காரைக் குறுக்க நிப்பாட்டிட்டுப் போய்ட்டான்."

"காரைத் தூக்கிக் கம்மாயில போடு. நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. நான் ஓட்டம் பிடிச்சிருவேன்."

சரோஜா சொன்னாள்: "இரு, நானே பந்தலுக்கு வாரேன். குடத்துல இருக்குற தண்ணிய வச்சுப் பாப்போம்."

போனாள். அதன் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் கற்பித்தவன். ஓய்வுக்குப் பின் தல்லாகுளம் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குமாருக்குச் சிம்மக்கல்லில் கடை. கல்யாண மண்டபம், சினிமாப் படப்பிடிப்பு, காவலாளி நிறுவனங்களுக்குச் செட் விற்பவன். ஒருநாள் அவனிடம் ஒருவர் வந்தார். நல்ல தமிழ். பணிவான ஆள். துறைமுகத்திலிருந்து செட்டுகள் வரும். பெட்டி மாற்ற வேண்டும். கடைப் பெயர் ஒட்ட வேண்டும். படித்த ஒருவர் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். பிறகு வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் என்னைப் 'புரொபசர்' என்று அழைத்தார். நான் புரொபசராக இருந்ததே இல்லை. திருத்தவில்லை.

செட்டுகள் வந்தன. சோதித்தேன். ஒலி நன்றாக இருந்தது. கடையில் ஏற்கெனவே அதே மாடல் இருந்தது. பழையதன் பேட்டரியை ஒரு கையிலும் புதியதன் பேட்டரியை மறு கையிலும் எடுத்தேன். புதியது கனத்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கனத்தது. கேட்டேன். "புது வகை பேட்டரி, புரொபசர். ரொம்ப நேரம் நிக்கும்" என்றார். ஆனால் சார்ஜ் பழையதைவிடச் சீக்கிரம் இறங்கியது. அதையும் பார்த்தேன். மாணவன் ஒருவன் இப்படிப்பட்ட பேட்டரியைக் கொண்டுவந்திருந்தால் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். நான் பிரிக்கவில்லை.

ஒட்டுக் கேட்பதற்கு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். கடல் தாண்டி ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் உளவுத் துறை தன் எதிரியின் பேச்சைக் கேட்க விரும்புகிறது. கேட்கட்டும். பேச்சைக் கேட்பதால் யார் சாவார்கள்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்திட்டேன். என் பட்டங்களையும் கீழே எழுதினேன்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று இப்போது விசாரணை அதிகாரிகள் சொல்கிறார்கள். போரில் இருப்பவன் எதிரியிடம் பொருள் வாங்க மாட்டான். தூரத்து ஊரின் சாதாரணக் கடையில் வாங்குவான். அந்தக் கடையும் அதன் வாத்தியாரும் நாங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குச் சரக்கு வந்தால் முதல் பெட்டி சாமிக்கு. என் தம்பி காலத்தில் அது எண்ணெய்க் கடை. முதல் டின் கோயில் விளக்குக்குப் போகும். குமார் தொழிலை மாற்றினான். வழக்கத்தை மாற்றவில்லை. சென்ற முறை ஒலிபெருக்கி கொடுத்தான்.

வந்தவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு செட்டும் இங்கே நிற்கக் கூடாது. எண்ணிக்கை குறையக் கூடாது. குமார் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. நான்கு செட் கொண்ட முதல் பெட்டியை எடுத்துத் திருநீறு பூசித் தனியே வைத்தான். கடையில் இருந்த பழைய செட் நான்கைத் துடைத்து அந்த இடத்தில் அடுக்கினான்.

"எண்ணிக்கை சரியா இருக்கா பெரியப்பா?"

"இருக்கு."

"சாமிக்கும் சரியா இருக்கு. அவருக்கும் சரியா இருக்கு. பெறகென்ன?"

அவன் எதுவும் அறியாதவன். அறிந்தவன் நான். தடுத்திருக்கலாம். எங்கள் ஊர்த் திருவிழாவை எவனாவது ஒட்டுக் கேட்டால் என்ன, சாம்பாருக்கு உப்புப் போதுமா என்பதைத்தானே கேட்பான் என்று நினைத்தேன். நினைத்தபோது சிரிப்பு வந்தது. அதுவும் நினைவிருக்கிறது.

கடல் தாண்டிய அந்த நாட்டில் நான்கு பேர் பிழைத்திருக்கிறார்கள். கையில் வைத்திருந்தது ஏன் வெடிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

மீண்டும் அந்த மாலை. அரசு மருத்துவமனை. பிணவறைக்கு வெளியே நீண்ட பெஞ்சு. எதிரில் தேநீர்க் கடையின் தொலைக்காட்சி. அந்த நாட்டின் தெருக்கள் ஓடுகின்றன. ஆம்புலன்ஸ்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளும் மனிதர்கள். ஒரே நேரத்தில் வெடித்த கருவிகள் என்கிறார்கள். நேரத்தைச் சொல்கிறார்கள். நம் நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் போட்டேன். கோயிலில் அந்த நான்கு சத்தமும் கேட்ட அதே நேரம். காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அதற்குள் கருப்பையாவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சாமான் அறையில் சார்ஜரில் இருந்த செட்டுக்குப் பக்கத்தில்தான் அவருடைய வேட்டு மூட்டை இருந்தது. செட் வெடித்து மூட்டை பற்றியது. சுவரெல்லாம் வெடிமருந்து. வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு காவல் அதிகாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கருவியை மீண்டும் மாட்டிக்கொண்டேன்.

"வேட்டுக்காரர் கவனக்குறைவா இருந்தாரா சார்?"

நான் பேசவில்லை.

"புரியுது சார். சிரமப்படாதீங்க. ஆமான்னு எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியை இழந்தவன் என்பதால் எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். அந்தக் கையை எவரிடமிருந்தும் நான் இழுத்துக்கொள்ளவில்லை.

குமார் கண் விழித்தான். முதலில் கையைத் தேடினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பெரியப்பா, செட்டுதான?"

"தூங்குடா."

"வேட்டு இல்ல பெரியப்பா. எங் கையிலதான் வெடிச்சுச்சு."

"தூங்கு."

மயக்கத்தில் பேசுகிறான் என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

சரோஜாவின் கருமாதி அன்று சாப்பாட்டுப் பந்தியில் பங்காளிப் பையன்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் போலீசார் கருப்பையாவைக் கோயிலுக்கு அழைத்துவந்து இடத்தைக் காட்டச் சொன்னார்களாம். இவர்கள் காத்திருந்து கல்லெறிந்திருக்கிறார்கள்.

"விட்டுருவமா பெரியப்பா? ஒரு கண்ணு போயிருச்சு அவனுக்கு. போலீசு மட்டும் குறுக்க வரலன்னா ஆளே இருந்திருக்க மாட்டான்."

எனக்காகச் செய்தார்கள். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். இலையை மூடினேன். எழுந்தேன். ஈர வேட்டியோடு ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணித் தண்ணீர் கொடுத்தார்கள். குமாரின் கடையில் சான்றிதழின் நகல் இருந்தது. பிறகு நம்பினார்கள்.

வந்து போனவரின் பெயர் பொய். அவர் தொலைபேசி எண் இப்போது இயங்குவதில்லை. அவரை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. என் மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறேன்.

கருப்பையாவை விடுவித்த பின் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கண்ணில் கட்டு. எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்றேன். தரையில் உட்கார்ந்தேன்.

"வாத்தியாரய்யா, தெரிஞ்சா இருந்தீக?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

"நான் என் மருந்துதான்னு நெனச்சுட்டேன்யா. உள்ள கெடந்து ஒவ்வொரு கட்டா நெனச்சுப் பாத்தேன். எந்தத் திரியில பிசகுனேன்னு பாத்தேன். அந்த ரெண்டு பொம்பளைகளையும் நாந்தான் கொன்னேன்னு இருந்தேன். கல்லு விழுந்தப்பக்கூடக் கையக் குறுக்க வைக்கல."

நான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெளியே வந்தேன்.

இழப்புகளைப் பதிவு செய்கிறேன். சரோஜா, என் மனைவி. செல்லத்தாயி, எனக்குத் தங்கை முறை. அவளுக்கு இரண்டு மகள்கள், மூத்தவள் இப்போது அந்த வீட்டில் சமைக்கிறாள். குமாரின் வலது கை, மணிக்கட்டிலிருந்து. கருப்பையாவின் இடது கண். அதை எடுத்தது செட் அல்ல, என் மௌனம். அவருடைய தொழிலும் போயிற்று. அவர் இனி மருந்தைத் தொட மாட்டேன் என்கிறார்.

கடல் தாண்டி இறந்தவர்கள் உண்டு. செட்டை வைத்திருந்தவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள். அன்று தொலைக்காட்சியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஏறிக்கொண்டிருந்தபோதே நான் எழுந்து போய்விட்டேன். பிறகு பார்க்கவில்லை. ஆகவே நான் இங்கே எழுதியிருப்பது குறைந்த கணக்கு.