தலைமையாசிரியையின் தோள் அளவு

உங்கள் காக்கிச் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அம்மா. யார் தைத்தார்களோ, அளவைச் சரியாகப் பிடிக்கவில்லை. போகட்டும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். முப்பத்திரண்டு வருடமாக ஒரே தையல் கடை. அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். தெருவில் அவளைக் கத்திரி என்றும் என்னை ஊசி என்றும்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கடையில் அளவு நோட்டு கிடையாது. ஒருமுறை டேப் பிடித்தால் போதும், அளவு என் தலையில் ஏறிவிடும். அவள் துணியை விரித்துவிட்டு, "தலைமையாசிரியைக்குத் தோள் எவ்வளவுடீ?" என்பாள். பதினாலரை என்பேன். உடனே கத்திரி ஓடும். நான் இல்லாமல் அவளால் ஒரு கைக்குட்டைகூட வெட்ட முடியாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

போன வருடம் அவளுடைய தம்பி மனைவி அடுத்த தெருவில் கடை திறந்தாள். அதே வாரம் கத்திரியின் மேசை இழுப்பறையில், துண்டுத் துணிகளுக்கு அடியில், ஒரு நோட்டு கிடைத்தது. அத்தனை பேருடைய அளவும் அவள் கையெழுத்தில் இருந்தது. பேச்சுவாக்கில் என் வாயைக் கிளறி எழுதியிருக்கிறாள். என்னை விட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போகத்தான் இந்த ஏற்பாடு. நேராகவே கேட்டேன்.

"உனக்கு இப்பல்லாம் மறந்து போகுதுடீ. நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல" என்றாள்.

எப்படி இருக்கிறது கதை? துரோகம் செய்தவள் பழியை என் தலையில் போடுகிறாள். அந்த மாதம் இரண்டு சட்டை பாழானது உண்மைதான். கண் சரியில்லாதவள் அவள், வெட்டியதும் அவள். நான் பெருந்தன்மையாக வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குக் கண்ணில் அழுத்தம். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும், நிறுத்தினால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவளாக விட்டால் இமை மூடிக்கொள்ளும். அதனால் எப்போதும் நான்தான் விடுவேன். குழந்தை மாதிரி என் மடியில் தலை சாய்த்துக்கொள்வாள்.

நோட்டைப் பார்த்த பிறகு, மருந்தைக் கொட்டிவிட்டு, புட்டியில் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கண் விஷயம், சுத்தமாக இருக்க வேண்டும். இப்படிப் பத்து மாதம்.

"முன்ன மாதிரி எரியலடீ. உன் கை ராசி" என்றாள்.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கியது. ஒருநாள் துணியோடு விரலையும் வெட்டிக்கொண்டாள். அதன்பிறகு கத்திரியைத் தொடவில்லை. தம்பி மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய சட்டைகளில் பொத்தானைத் தடவித் தடவிப் பிரிக்கிறாள். என்னை விட்டு எங்கேயும் போகவில்லை. புது டாக்டர் புட்டியைச் சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படியே நன்றாகத்தான் இருந்திருப்போம்.

அவளிடம் சொல்லிவிட்டீர்களாம். சொன்னால் என்ன? ஆறு மணிக்கு மருந்து விட வேண்டும், வேறு யாருக்கும் அவள் கண்ணைத் திறக்க மாட்டாள். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் படித்துக் காட்டியதெல்லாம் சரி. ஒரு திருத்தம் மட்டும். தலைமையாசிரியைக்குத் தோள் பதினாலரை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினைந்தேகால். பதினாலரை என்று நான் சொல்லவே இல்லை. அவள் நோட்டிலும் பதினாலரைதான் இருக்கிறதா? அப்படியானால் அவள் தப்பாக எழுதியிருக்கிறாள். அடித்துவிட்டு எழுதுங்கள், அம்மா. அளவு விஷயத்தில் எனக்கு மறதி வந்ததே கிடையாது.