கையெட்டும் தூரத்தில் நின்ற நான்சி சிஸ்டர்

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்தது, படுத்தபடியே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதுதான். நெஞ்சு கெஞ்சும்வரை பிடித்திருந்தேன். பிறகு விட்டேன். அதன் பிறகுதான் கால் தரையில் பட்டது. இந்தக் கூடத்தில் இருக்கும் பெண்களில் பலர் இன்று காலை இதையே செய்திருப்பீர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்தான். "சும்மா வந்த நாளுன்னு நினைக்காத. கெஞ்சி வாங்குன நாளு இது, அப்படி நினைச்சு எந்திரி" என்பார். அப்படி எழுந்து, குளித்து, அவருக்கு அஞ்சலி சொல்ல உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன்.

மேடையில் இருக்கும் மருத்துவமனை நிர்வாகி ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சகாயராஜ் அண்ணன் அவர்களே, வார்டிலிருந்து சீருடையோடு ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, சின்னாளப்பட்டியிலிருந்தும் பேகம்பூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் என் சனிக்கிழமைத் தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் யுவராணி. நம் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் தலைமைச் செவிலியர் நான்சி அவர்களின் பணியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தூக்கி எடுத்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நான் பேச வந்தது அவருடைய சனிக்கிழமைகளைப் பற்றி. சின்னாளப்பட்டிச் சாலையில், முத்துச்சாமி அண்ணனின் மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றில், நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய பெண்களுக்கு அவர் நீச்சல் கற்றுக்கொடுத்த சனிக்கிழமைகளைப் பற்றி.

அந்தக் கிணற்றுக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் முத்துச்சாமி அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். "வருத்தப்படாதீக. வெள்ளிக்கிழமை வெல்டர் வாரான். கிணத்துக்குக் கம்பி வலை போட்டு மூடப்போறேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிஸ்டர் தண்ணிக்குள்ள நின்னாக, நான் மேல நிம்மதியா நின்னேன். இனி ஒரு உசுருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? தண்ணிக்குள்ள நிக்க ஆள் இருந்தா அஞ்சலிக் கூட்டத்துல வச்சுச் சொல்லுங்க. இல்லேன்னா மூடிருவேன்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு உண்டா? இல்லை. அதோ, வாசல் பக்கம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பதிலுக்காகத்தான் நிற்கிறார்.

அந்தக் கிணறு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பலர் அறியமாட்டீர்கள். நான்சி சிஸ்டருக்குப் பிறவியிலேயே நீச்சல் தெரியும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அவரும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் பங்கு மக்களோடு வேளாங்கண்ணிக்குப் போவார். எல்லோரும் கடலில் இறங்குவார்கள். இவர் மணலில் உட்கார்ந்து செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்வார். ஒரு வருடம் திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் கணவர் சகாயராஜ் அண்ணனிடம் சொன்னாராம்: "எத்தன வருசம் செருப்புக்குக் காவல் இருந்துட்டேன். நான் நீச்சல் படிக்கப் போறேன்."

சகாயராஜ் அண்ணன் அப்போது பஸ் நடத்துநர். "இந்த வயசுல கிணத்துல இறங்குறேன்னா ஊரு சிரிக்கும், சும்மா இரு" என்றிருக்கிறார்.

"காலம்பூரா இறங்கு இறங்குன்னு ஊரையே விரட்டுனீக. என்னைய மட்டும் இறங்காதங்கிறீகளே, இது என்ன நியாயம்?"

அண்ணன் இப்போதும் சிரிக்கிறார் பாருங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்திருப்பார்.

முத்துச்சாமி அண்ணனின் தாயாரை வார்டில் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர். அந்தப் பழக்கத்தில் போய்க் கிணற்றைக் கேட்டார். அண்ணனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்று கற்றுக்கொடுத்தார். சிஸ்டர் நீந்தப் படித்தார். நாமாக இருந்தால் அதோடு நின்றிருப்போம். நம் ஆசை நிறைவேறிவிட்டது, துணியைப் பிழிந்து வீட்டுக்குப் போகலாம் என்று இருந்திருப்போம். அவர் மறுநாள் வேலைக்கு வந்து, ஊசி போடும்போதும் கட்டுப் பிரிக்கும்போதும் கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் ஒரே கேள்வி கேட்க ஆரம்பித்தார்: "நீ என்னத்த ஆசப்பட்டு விட்டுட்ட?"

என்னிடமும் கேட்டார், மருந்தக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. "எனக்கு ஏது நேரம் சிஸ்டர்" என்றேன்.

"நேரம் வந்து உங்கிட்ட டோக்கன் வாங்கிட்டு வரிசையில நிக்குமா? ஏ புள்ள, சனிக்கிழம துண்டோட வா."

போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. படிப்பு முடித்து, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லாம் ஒழுங்காக நடந்த வாழ்க்கை என்னுடையது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது, ஆசைப்பட்டுக் கைவிட்டது என்று சொல்லக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வெறுமைதான் என்னைப் பஸ் ஏற்றியது என்று நினைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை நாங்கள் செய்த காரியத்தைச் சொன்னால் முத்துச்சாமி அண்ணனுக்கு இன்றும் கோபம் வரும். மிதப்பதற்காக முதுகில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு காலி பிளாஸ்டிக் கேன் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சிஸ்டர். வீட்டில் பெண்களிடம் என்ன கேன் இருக்கும்? சமையல் எண்ணெய்க் கேன்தான். அதைக் கழுவ வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இறங்கிய செத்த நேரத்தில் தண்ணீர் முழுக்க எண்ணெய்ப் படலம். அண்ணன் மேலேயிருந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, எங்கிணத்துல வடை சுடவா வந்தீக?" என்று கத்தினார். அடுத்த வாரம் எல்லோரும் சீயக்காய் போட்டுக் கேனைத் தேய்த்து வந்தோம். பேகம்பூர் உம்மு சல்மா, தண்ணீரில் இழுக்காத மாதிரி முழு உடம்பையும் மூடும் உடுப்பு எல்லோருக்கும் தைத்து வந்தார். அப்படி ஆரம்பித்தது.

தோழிகளே, ஊக்கம் கொடுப்பது என்றால் என்ன? காலையில் எழுந்தால் நம் கைப்பேசியில் பூப்படம் போட்டு எத்தனை பொன்மொழிகள் வந்து விழுகின்றன. முடியும் என்று சொல்கின்றன. முன்னேறு என்று சொல்கின்றன. சொல்லிவிட்டு அவை போய்விடுகின்றன. நான்சி சிஸ்டர் முடியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதைவிட, செய்ததைத்தான் நான் வியந்து வியந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் கருப்பாயி அக்காவை உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் அவருடைய அக்கா கிணற்றில் விழுந்து இறந்தார். உடலைத் தூக்கும்போது கருப்பாயி அக்கா பார்த்தார். அதன் பிறகு எந்தக் கிணற்றையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இதை நான் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். சிஸ்டர் கூப்பிட்ட மரியாதைக்காக வந்தார். வந்து மோட்டார் அறைச் சுவர் ஓரம், கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். சிஸ்டர் எங்களைக் கரையேறச் சொல்லிவிட்டு, ஈரத்தோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் பேசல. மொச்ச தின்னோம்" என்றார்.

அடுத்தடுத்த வாரங்களிலும் இருவரும் அவித்த மொச்சைதான் தின்றார்கள். தின்னும் இடம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. சுவர் ஓரத்திலிருந்து கிணற்று மேடைக்கு. மேடையிலிருந்து முதல் படிக்கட்டுக்கு. பிறகு கீழே, இன்னும் கீழே. ஒரு சனிக்கிழமை கருப்பாயி அக்காவின் பாதம் தண்ணீரைத் தொட்டது. அவர் கேட்டார்: "எங்கக்கா விழுந்த தண்ணியும் இப்படித்தான் குளுந்திருக்குமோ சிஸ்டர்?"

நானாக இருந்தால், அதையெல்லாம் நினைக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். சிஸ்டர், "இருக்கும்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. கருப்பாயி அக்கா அழுதார். அழுது முடித்து, யாரும் சொல்லாமலே, படியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு இறங்கினார். இன்று எங்களில் அதிக நேரம் நீந்துகிறவர் அவர்தான். "பேரனுக்குத்தான் தண்ணின்னா பயம். எனக்கென்ன?" என்று பீற்றிக்கொள்வார். அக்கா, இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என் கதை இப்படிக் கனமானது அல்ல. நான் கேனை நம்பியவள். எல்லோரும் கேனை அவிழ்த்த பிறகும் நான் கட்டிக்கொண்டே இருந்தேன். நான் தண்ணீருக்குள் இறங்கி நின்றதும் சிஸ்டர்தான் அதை என் முதுகில் கட்டிவிடுவார், கரையேறும் முன் அவரே அவிழ்ப்பார். ஒருநாள் கிணற்றை நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, கேனை அவிழ்க்காமலே கரையேறினேன். படியில் கால் வைத்ததும் முதுகு பின்னால் இழுத்தது. கேன் கல்லாகக் கனத்தது.

"சிஸ்டர், கேன் ஓட்டை. தண்ணி ஏறிருச்சு."

"ஓட்டையெல்லாம் இல்ல. நான்தான் ஊத்துனேன். வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தி, இன்னைக்கு மூடிவரைக்கும் ரொப்பியாச்சு. நீ கேனைத் தூக்கிக்கிட்டுல்ல நீந்துற, அம்புட்டு நாளா."

"நான் முங்கியிருந்தா?" என்று கோபமாகக் கேட்டேன்.

"கையெட்டுற தூரத்துலதான நின்னேன். நீ எங்க என்னையப் பாத்த? தேர் வாரது மாதிரி நீ பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்த, நாந்தான் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. அம்புட்டு நாளும் அவர் கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார். எனக்கு மட்டுமா? எங்கள் ஒவ்வொருவருக்கும் நின்றிருக்கிறார். செருப்புக்குக் காவல் இருந்தது போதும் என்று நீந்தப் படித்தவர், படித்த பிறகு எத்தனை சனிக்கிழமை தனக்காக நீந்தினார்? நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். நாங்கள் கரையேறி, தலை துவட்டி, டீ குடிக்கும் நேரத்தில், மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் நின்ற இடத்திலேயே காலை அசைத்துக்கொண்டு, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு மனுஷிக்கு இது எப்படி முடிந்தது? இது தியாகம் என்று நாம் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அந்த முகத்தில் தியாகம் செய்கிறவரின் சோர்வை நான் பார்த்ததே இல்லை. மல்லாந்து கிடக்கும்போது இருந்த அதே சந்தோஷம்தான், எங்களைப் பார்த்து நிற்கும்போதும் இருந்தது. வாழ்க்கையை முழுதாக வாழ்வது என்று எல்லோரும் பேசுகிறோமே, அதை நான் ஒரே ஒரு முகத்தில்தான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நோய் வந்தது. நமக்குத் தெரிந்த நோய், நாமே மருந்து எடுத்துக் கொடுத்த நோய். அவர் எந்த வார்டுக்குத் தலைமையாக இருந்தாரோ அதே வார்டில் படுத்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் உடம்பைப் பற்றிப் பேசவிடமாட்டார். "சனிக்கிழம போனீகளா?" என்பார்.

"நீங்க இல்லாம எப்படி சிஸ்டர்?"

"நான் என்ன ஊத்தா, நான் படுத்தா கிணறு வத்திப்போறதுக்கு?"

சிரித்தோம். ஆனால் போகவில்லை. அவரும் இன்னார் போய் நிற்கட்டும் என்று எங்களில் யாரையும் கைகாட்டவில்லை. கடைசி நாட்களில் அதற்காகவே நான் அவர் கண் முன்னால் படாமல் தலைமாட்டுப் பக்கமாகப் போய் நின்றதுண்டு. என்னைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லவில்லையே என்று ஏக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் என் கையைப் பிடித்து, "மருந்தகத்துல கூட்டமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்புக்குரியவர்களே, வழக்கமாக இந்த இடத்தில் அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சேர்ந்து உறுதி எடுப்போம். எல்லோரும் எடுக்கும் உறுதியில் யாருக்கும் தண்ணீர் படுவதில்லை. கிணற்றுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க வேண்டும். அவருக்குப் பெயர் வேண்டும், முகம் வேண்டும். நாளைக்கு ஒன்று என்றால் முத்துச்சாமி அண்ணனுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதனால் நான் இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பின்வரிசையில் இருக்கும் என் கணவரும் உங்களோடு சேர்ந்துதான் முதன்முதலாகக் கேட்கப்போகிறார். எனக்குப் பயம் போய்விடவில்லை. நீந்துவது வேறு, இன்னொருவர் நீந்தும்போது நிற்பது வேறு. அதை நான் இன்னும் படிக்கவில்லை. நிர்வாகி ஐயா அவர்களே, மதுரையில் உயிர்காக்கும் நீச்சல் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்கு விடுப்புக் கேட்டு நாளை உங்களிடம் வருவேன். நான் முடித்து வரும்வரை புதியவர்கள் யாரும் இறங்க வேண்டாம்.

முத்துச்சாமி அண்ணே, வெள்ளிக்கிழமை வெல்டர் வரட்டும். வலை போடுங்கள், அதுதான் பாதுகாப்பு. ஆனால் அதில் ஒரு கதவு வைத்துப் போடுங்கள். சாவி என்னிடம் இருக்கட்டும்.